ரீகர்வ் வில்லின் லிம்புக்கு உள்மரம் தேர்ந்தெடுத்தல்: திருகோணமலை வில்லாளருக்கான முழுமையான வழிகாட்டி

நுனிகள் முன்னோக்கி வளைந்த ரீகர்வ் வில் ஒன்றைத் தம் கையாலேயே செய்ய எண்ணுபவர்களும், வெளிநாட்டுத் தயாரிப்பாளரிடம் அளவு கொடுத்துச் செய்விக்க எண்ணுபவர்களும் முதலில் விசாரிப்பது, லிம்புக்குள், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாகத்துக்குள், எந்த மரத்தை வைத்தால் அம்பு வேகமாகப் போகும் என்பதைத்தான். மேப்பிளா, மூங்கிலா, யூ மரமா என்று பெயர்களை ஒப்பிடுவதிலேயே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. பெயரிலிருந்து தொடங்குவது தலைகீழான வழி என்பது என் உறுதியான கருத்து. உள்மரத்தை அதன் நிறை, நாரோட்டம், உலர்வு, பசை பிடிக்கும் தன்மை ஆகிய நான்கையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த நான்கிலும் தேறிய மரம் எந்தக் காட்டில் வளர்ந்ததாயினும் நல்ல வில்லைத் தரும். தேறாத பலகை எவ்வளவு பெயர்பெற்ற இனமாக இருந்தாலும் லிம்புக்குள் போகத் தகுதியற்றது.

முதலாவது படி: உள்மரம் செய்யும் வேலையை விளங்கிக்கொள்ளுதல்

இன்றைய ரீகர்வ் லிம்ப் ஓர் அடுக்கு. இலக்கை நோக்கிய புறத்தில் ஒரு பைபர் கிளாஸ் (கண்ணாடி இழை) தகடும், வில்லாளரை நோக்கிய புறத்தில் இன்னொன்றும் இருக்க, அவற்றுக்கு நடுவே ஒன்று முதல் நான்கு வரையான மரத்தகடுகள் எப்பொக்சிப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். நாணை இழுக்கும்போது இலக்குப் புறம் நீளப் பார்க்கிறது, நம் புறம் நெரிபடுகிறது. இந்த இரண்டு சுமைகளிலும் பெரும்பங்கைக் கண்ணாடி இழைத் தகடுகளே தாங்குகின்றன. நடுவிலுள்ள மரம் அந்த இரண்டு தகடுகளையும் குறித்த தூரத்தில் பிரித்து வைத்திருக்கிறது. அத்துடன், அவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வழுக்கிப் போகாதவாறு பிடித்துக்கொள்கிறது. இந்த வழுக்கு விசை மிகக் கூடுதலாக இருக்குமிடம் அடுக்கின் நட்டநடுப் பகுதி, அதாவது மரம் இருக்கும் இடம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விடயம் தெளிவாகும். மொத்தத் தடிப்பு 8 மில்லிமீற்றர், அதில் இரு புறமும் 1 மில்லிமீற்றர் கண்ணாடித் தகடு, நடுவில் 6 மில்லிமீற்றர் மரம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடித் தகட்டின் விறைப்பை 40 கிகா பாஸ்கல் என்றும், மரத்தினதை 12 என்றும் எடுத்தால், லிம்பின் மொத்த வளைவு விறைப்பில் மரத்தின் பங்கு ஏறக்குறைய 18 சதவீதம் மட்டுமே. ஆகவே 10 கிகா பாஸ்கல் உள்ள மரத்துக்குப் பதிலாக 13 உள்ள மரத்தை வைத்தாலும் இழுவிசை 4 அல்லது 5 சதவீதம்தான் கூடும். அதே அளவு இழுவிசையை, உள்மரத்தை 0.15 மில்லிமீற்றர் தடிப்பாக்குவதன் மூலமே பெற்றுவிடலாம்.

இப்போது அதே லிம்பை நிறையின் கண்கொண்டு பாருங்கள். ஒரு கன சென்ரிமீற்றருக்கு 0.6 கிராம் உள்ள மரத்தை எடுத்துவிட்டு 0.9 கிராம் உள்ள மரத்தை வைத்தால், கண்ணாடியையும் சேர்த்து அந்த இடத்தில் லிம்பின் நிறை ஏறக்குறைய கால் பங்கு கூடுகிறது. விறைப்பில் சிறு மாற்றம், நிறையில் பெரிய மாற்றம்! நாணை விட்டதும் லிம்பில் சேர்ந்திருக்கும் ஆற்றலின் ஒரு பகுதி அம்பைத் தள்ளவும், இன்னொரு பகுதி லிம்பையே முன்னோக்கி நகர்த்தவும் செலவாகிறது. லிம்ப் கனத்தால் அம்புக்குப் போவது குறையும், கையில் அதிர்வு கூடும். உள்மரத் தேர்வை நிறையிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

லிம்பின் நுனியை நோக்கிப் போகப்போக உள்மரம் மெலிந்துகொண்டே போவதால், மொத்தத் தடிப்பு 5 மில்லிமீற்றராகும் இடத்தில் 0.7 மரத்துக்கும் 0.9 மரத்துக்கும் இடையிலான வேறுபாடு 10 சதவீதத்துக்குச் சுருங்கிவிடும். மிக வேகமாக நகரும் பகுதி நுனியே ஆகையால் இந்தப் 10 சதவீதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் கனமான உள்ளூர் மரத்தை நன்றாகச் சரிவாக்கி, அதாவது நுனியை நோக்கி மெலியச் செய்து, பயன்படுத்துவதற்கு இது இடம் தருகிறது.

இரண்டாவது படி: வில்லின் அளவுகளை எழுதி வைத்தல்

மரத்தைத் தேடிப் போவதற்கு முன் வில்லின் நீளம், உங்கள் இழுநீளம், அந்த இழுநீளத்தில் வேண்டிய இழுவிசை, எந்த நிறையுள்ள அம்பு, இலக்குப் பயிற்சிக்கா வேறு தேவைக்கா என்பவற்றை எழுதிவிடுங்கள். தயாரிப்பாளர்கள் இழுவிசையை வழக்கமாக 28 அங்குல இழுவைக்குச் சொல்வார்கள். உங்கள் கை 26 அங்குலத்தில் நின்றுவிடுமானால் 40 இறாத்தல் என்று எழுதிய வில் உங்களிடம் 40 தராது. குறைந்த இழுவிசையுள்ள வில்லில் சேமிக்கப்படும் ஆற்றலே சிறிதாதலால், லிம்பின் நிறை அங்கே கூடுதலாக உறுத்தும். 30 இறாத்தலுக்குச் செய்பவர் 0.9 மரத்தைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது படி: பெயர்பெற்ற உள்மரங்களைச் சரியான இடத்தில் வைத்தல்

வன்மேப்பிள் இந்தத் துறையின் அளவுகோல். கன மீற்றருக்கு ஏறக்குறைய 705 கிலோகிராம், சீரான நெருங்கிய நார், பசை நன்றாகப் பிடிக்கும் மேற்பரப்பு, நார்வாக்கில் ஏறக்குறைய 16 மெகா பாஸ்கல் வழுக்குத் தாங்குதிறன் என்று எல்லாவற்றிலும் நம்பகமானது. கொம்பும் நரம்பும் கொண்டு செய்யப்பட்ட பழைய துருக்கிய விற்களின் நடுவிலும் மேப்பிள் இன மரமே இருந்தது. செவ்வெல்ம் 600 கிலோகிராம் அளவில் இலகுவானது. வழுக்குத் தாங்குதிறன் மேப்பிளைவிடக் குறைவு, ஏறக்குறைய 11. இருந்தும் பல காலமாக நல்ல விற்களில் நிலைத்து நிற்கிறது. யூ மரம் மேப்பிளின் நிறைக்கு நெருங்கியது, விறைப்பு குறைந்தது. மேலே கண்ட கணக்கின்படி அந்தக் குறைவைத் தடிப்பால் ஈடுசெய்யலாம், ஆனால் அதற்குக் கேட்கும் விலையை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஓசேஜ் ஒரேஞ்ச் 850ஐத் தாண்டும் கனமரம். முழுமரத்தில் செதுக்கும் வில்லுக்கு அது அரசன், கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அதற்கு வேலை இல்லை.

மூங்கிலைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். மூங்கிலின் நார்கள் தோலை அண்டிய வெளிப்பகுதியில் அடர்ந்தும் உட்பகுதியில் ஐதாகவும் இருக்கும். அதனால் தோலை ஒட்டிய பகுதியிலிருந்து கீற்றுகளை எடுத்து, பக்கவாட்டில் நிறுத்தி ஒட்டி, அந்தக் கட்டையிலிருந்து தகடு அரிவார்கள். அவ்வாறு செய்த தகடு சீரானதும் இலகுவானதும் உறுதியானதும் ஆகும். கணுக்கள் ஒரே கோட்டில் வராமல் மாறிமாறி அமைய வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் வெட்டிய பச்சை மூங்கிலில் மாச்சத்து மிகுதி, வண்டு துளைத்து உளுத்துவிடும். போராக்சும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்து உலர்த்தாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஒலிம்பிக் வகை லிம்புகளில் மரத்துக்குப் பதிலாகச் செயற்கை நுரை உள்ளீடும் உண்டு. நுண்ணிய வெற்றுக் கண்ணாடிக் கோளங்களை எப்பொக்சியில் கலந்து செய்யும் வகை ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. கடலோரத்தில் வாழ்பவர் பணம் கொடுத்து வாங்குவதாயின் அதை எண்ணிப் பார்ப்பது தவறில்லை. தானே செய்பவருக்கு அது கைக்கெட்டும் பொருளன்று.

நான்காவது படி: திருகோணமலையில் கிடைப்பதை நிறுத்துப் பார்த்தல்

மேப்பிள் நம் நாட்டில் வளர்வதில்லை. அரைத்துச் சரிவாக்கிய தகடுகளாக வரவழைக்க வேண்டும். அதற்கு முன் மரக்காலையில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பது நல்லது. இங்கே முதலில் சொல்ல வேண்டியது சமண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் இந்த மரம் 19ஆம் நூற்றாண்டில் திருகோணமலை மரம் என்ற பெயரிலேயே மதராசுக்கு ஏற்றுமதியாகி, அங்கே கரையலையில் மோதியும் வளைந்துகொடுத்தும் நிற்க வேண்டிய மசூலாப் படகுகளுக்குப் பயன்பட்டது. நேரான நாரும், முறியாமல் வளையும் தன்மையும் ஒருங்கே அமைந்த மரம் நம் காலடியில் இருக்கிறது என்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அதன் குறை நிறைதான்: பெரும்பாலான பலகைகள் கன மீற்றருக்கு 800 கிலோகிராமை எட்டும், சில தாண்டும். ஆகவே சமண்டலையில் கனம் குறைந்த பலகையைத் தேடி எடுத்து, 40 இறாத்தலும் அதற்கு மேலும் உள்ள வில்லுக்கு, நன்கு சரிவாக்கிய தகடாகப் பயன்படுத்துவதே முறை.

முதிரையை அதன் பளபளப்புக்காகப் பலர் விரும்புவார்கள். நிறை மிகுதி, அதன் நார் அடுக்குக்கு அடுக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்து பின்னியிருக்கும். சீவுளியை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு பட்டை வழவழப்பாகவும் அடுத்த பட்டை பிய்ந்தும் வருவதிலிருந்தே இதை அறியலாம். இதை உள்மரமாக்காதீர்கள். பூ முதிரையின் அழகு வேண்டுமானால், அரை மில்லிமீற்றர் ஏடாக அரிந்து, நிறமற்ற கண்ணாடித் தகட்டுக்கு நேர்க்கீழே ஒட்டலாம். பாரம் கூடாது, அழகு முழுவதும் தெரியும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். முகமூடியும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

பாலை தண்ணீரில் அமிழும் அளவுக்குக் கனமானது, விட்டுவிடுங்கள். தேக்கு நிறையில் மிகப் பொருத்தமானது, கன மீற்றருக்கு 650 கிலோகிராமை ஒட்டியது, ஈரத்துக்கு அதிகம் அசையாதது. அதன் எண்ணெய்த் தன்மைதான் பசைக்குப் பகை. அந்தத் தடையை எப்படிக் கடப்பது என்பதை ஏழாவது படியில் சொல்கிறேன். விண்ணாங்கு கிடைத்தால் ஒரு துண்டை நிறுத்துப் பார்க்கலாம்.

காட்டு மரம் எதுவாயினும் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். மரத்தை ஏற்றிச் செல்வதற்கு அனுமதிப்பத்திரம் கேட்கப்படும் நாட்டில், ஆவணம் இல்லாத மரக்குற்றியை மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுப்பது தேவையற்ற வழக்கை விலைக்கு வாங்குவதாகும். ஒரு வில்லுக்கு வேண்டிய மரம் மிகக் கொஞ்சம். ஓடாவியின் பட்டறையில் கதவு நிலை அறுத்து மிஞ்சிய நீளத்துண்டே போதும்.

ஐந்தாவது படி: பலகையைக் கண்ணாலும் தராசாலும் சோதித்தல்

இனத்தைத் தீர்மானித்த பின் அந்த இனத்துக்குள்ளே பலகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது, ஏனெனில் ஒரே மரத்தின் அடிப்பகுதிக்கும் நுனிப்பகுதிக்கும், உட்புற வைரத்துக்கும் வெளிப்புற வெள்ளைக்கும் இடையே உள்ள வேறுபாடு சில வேளைகளில் இரண்டு இனங்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கும்.

முதலில் நாரோட்டம். பலகையின் மேற்பரப்பில் தெரியும் வரிகள் ஏமாற்றக்கூடியவை. பக்க விளிம்பைச் சீவிப் பாருங்கள். சீவிய இடத்தில் பேனா மையில் ஒரு துளி வைத்தால், அது நார்களுக்கு இடையே மெல்லிய கோடாக ஊர்ந்து, நார் உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்பதை வரைந்து காட்டும். அந்தக் கோடு பலகையின் விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். 20 சென்ரிமீற்றர் ஓட்டத்துக்குள் 1 சென்ரிமீற்றருக்கு மேல் விலகினால் அந்தப் பலகை வேண்டாம். ஐயம் தீராவிட்டால் மூலையில் உளியை வைத்து ஒரு சிராயைப் பிளந்தெடுங்கள். வாள் பொய் சொல்லலாம், பிளவு சொல்லாது. கண் விழுந்த இடம், உளுத்த துளை, நெரிந்த நார் காட்டும் குறுக்குக் கீறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பகுதியைக் கழித்துவிடுங்கள்.

அடுத்து நிறை. பலகையிலிருந்து 450 மில்லிமீற்றர் நீளமும் 45 அகலமும் 3 தடிப்பும் உள்ள கீற்று ஒன்றை இழைத்தெடுங்கள். அதன் கனவளவு 60.75 கன சென்ரிமீற்றர். இலத்திரனியல் தராசில் அது 42 அல்லது 43 கிராம் காட்டினால் உங்கள் மரம் 0.7, அதாவது மேப்பிளுக்கு நிகர். 55 கிராம் காட்டினால் அது 0.9. எனது எல்லை 0.8, அதாவது இந்தக் கீற்றுக்கு 48 அல்லது 49 கிராம். 0.5க்குக் கீழே போகும் மென்மரங்களையும் தவிர்க்கவே சொல்வேன்: அவை வழுக்கு விசையைத் தாங்கும் திறன் குறைந்தவை, அத்துடன் ரீகர்வின் முன்வளைந்த நுனி பக்கவாட்டில் திருகிக்கொள்ளவும் இடம் கொடுப்பவை.

ஆறாவது படி: உலர்த்துதல்

நம் ஊரில் எவரும் தவிர்க்க முடியாத படி இது. 30 பாகை வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதனிலும் திறந்து கிடக்கும் மரம், எத்தனை வருடம் கிடந்தாலும், 13 அல்லது 14 சதவீத ஈரத்தோடுதான் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கினால் அதற்கும் மேலே ஏறும். கச்சான் வீசும் மாதங்களில் சற்று இறங்கும். எப்பொக்சியால் ஒட்டுவதற்கு ஏற்றது 7 முதல் 9 சதவீதம். கூடுதல் ஈரத்தோடு ஒட்டினால், பசையை இறுக்கும் சூட்டில் மரம் சுருங்க, சுருங்காத கண்ணாடித் தகடு இழுபட்டு, லிம்ப் முறுக்கிக்கொள்ளும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒட்டுப்பலகையால் பெட்டி செய்து, உள்ளே குண்டு பல்பு ஒன்றிரண்டும் வெப்பமானியும் வைத்து, மேலும் கீழும் சிறு காற்றுத்துளை விட்டால் போதும். வெளியே 30 பாகையில் 75 சதவீதமாக இருக்கும் அதே காற்றை 40 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் 43 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். அந்த நிலையில் மரம் தானாகவே 8 சதவீதத்தை நோக்கிச் சென்று நிற்கும். சூட்டை இதற்கு மேல் ஏற்றி அவசரப்படுத்த வேண்டாம்.

உலர்ந்துவிட்டதா என்பதைக் கையால் தொட்டு அறிய முடியாது. சோதனைக் கீற்றை நிறுங்கள், 42.5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை 103 பாகை சூட்டடுப்பில், நிறை மேலும் குறையாத வரை வைத்து எடுங்கள். 37.5 கிராமில் நின்றால், போன 5 கிராமை 37.5ஆல் வகுக்க, ஈரம் 13.3 சதவீதம். இனி 8 சதவீதத்துக்கு எவ்வளவு நிறை என்பதும் தெரிகிறது: 37.5க்கு 40.5 கிராம். முழுமையாகச் சுட்ட அந்தக் கீற்று வில்லுக்கு உதவாது. ஆனால் அதன் கணக்கை வைத்து, அதே பலகையிலிருந்து எடுத்த மற்றத் தகடுகளை அவற்றின் நிறை 40.5க்கு 42.5 என்ற விகிதத்தில் குறையும் வரை பெட்டியில் விட்டுவைக்கலாம்.

ஏழாவது படி: பசைச் சோதனை

தெரிந்தெடுத்த மரத்தில் ஒரு சாண் நீளத் துண்டுகள் இரண்டை, நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே எப்பொக்சியாலும் அதே சூட்டிலும் ஒட்டி, பசை முழுமையாக இறுகிய பின் உளியால் பிளந்து பாருங்கள். இரு முகங்களிலும் மரநார் பிய்ந்து ஒட்டியிருந்தால் மரம் தோற்றுப் பசை வென்றது, அது போதும். பசை கண்ணாடி போல் வழவழப்பாகக் கழன்று வந்தால் அந்த மரத்தையோ முறையையோ மாற்ற வேண்டும். தேக்கை 80ஆம் இலக்க மணல்தாளால் புதிதாகத் தேய்த்து, அசிற்றோனால் துடைத்து, அது ஆவியானவுடனேயே ஒட்ட வேண்டும். ஒருநாள் விட்டால் எண்ணெய் மறுபடி மேலே கசியும். ஒருபோதும் அழுத்திப் பசை முழுவதையும் பிதுக்கி வெளியேற்றாதீர்கள், எப்பொக்சிக்கு மெல்லிய படலம் நடுவில் நிற்க வேண்டும்.

எட்டாவது படி: தகடாக அரிதலும் சரிவாக்குதலும்

மேல் லிம்புக்கும் கீழ் லிம்புக்கும் உரிய தகடுகளை ஒரே பலகையில் அடுத்தடுத்து அரிந்து, அரிந்த வரிசையையும் அடிப்பக்கத்தையும் பென்சிலால் குறித்துவிடுங்கள். இரண்டு லிம்புகளின் தகடுகளும் நிறையில் ஒத்திருக்க வேண்டும். ஒத்த சோடி கிடைக்கும்வரை மாற்றி மாற்றி நிறுத்துச் சேர்ப்பது பொறுமையான வேலை, ஆனால் பிறகு வில்லைச் சமன்செய்யும் வேலையில் பாதியை அது முடித்துவிடும். சரிவு வழக்கமாக ஓர் அங்குல நீளத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 1 முதல் 3 பங்கு வரை இருக்கும். கனமான மரத்துக்குக் கூடிய சரிவைத் தேர்ந்தெடுங்கள். தடிப்பை வேணியர் இடுக்கிமானியாலோ நுண்மானியாலோ பல இடங்களில் அளக்க வேண்டும், ஏனெனில் முன்பு பார்த்த 8 மில்லிமீற்றர் அடுக்கில் 0.1 மில்லிமீற்றர் பிழையே இழுவிசையை 3 சதவீதத்துக்கு மேல் மாற்றிவிடும், 40 இறாத்தல் வில்லில் அது 1.3 இறாத்தல்.

செய்விப்பவராயின் இந்தப் படிகளை நீங்கள் செய்யத் தேவையில்லை. ஆனால் கட்டளை கொடுக்கும்போது உள்மரத்தின் இனத்தோடு, தகடுகளின் எண்ணிக்கை, சரிவு, லிம்ப் ஒன்றின் நிறை ஆகியவற்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நல்ல தயாரிப்பாளர் தயங்காமல் சொல்வார். கடலோரத்தில் பயன்படுத்தப்போவதைக் குறிப்பிட்டு, பக்க விளிம்புகளுக்கு முழுமையான மேற்பூச்சுக் கேளுங்கள். மேலும் கீழும் கண்ணாடி காப்பதால் ஈரம் நுழையும் வழி விளிம்பு மட்டுமே.

ஒன்பதாவது படி: ஒட்டிய பின் திருத்துதல்

முதல் தடவை நாணேற்றி வளைக்கும்போது கையால் இழுக்காமல், சுவரில் பொருத்திய சட்டத்தில் வில்லை வைத்து, கயிறும் கப்பியும் கொண்டு பக்கத்தில் விலகி நின்று சிறிது சிறிதாக இழுங்கள். இழுவிசை எண்ணியதைவிட இரண்டு மூன்று இறாத்தல் கூடியிருந்தால் கண்ணாடித் தகட்டின் முகத்தைத் தேய்க்கக் கூடாது. இரு விளிம்புகளிலும் சமமாகத் தேய்த்து அகலத்தைக் குறையுங்கள். அகலம் 5 சதவீதம் குறைந்தால் இழுவிசையும் ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். ஆனால் அகலம் குறையக் குறைய வளைந்த நுனி திருகிக்கொள்ளும் அபாயமும் கூடுவதால், அதற்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால் அந்த லிம்பை அப்படியே விட்டு, உள்மரத்தை 0.2 மில்லிமீற்றர் மெலிதாக அரைத்துப் புதிய சோடி ஒட்டுவதே சரியான வழி. கண்ணாடி இழைத் தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், காற்றில் ஊதிப் பறக்கவிடாதீர்கள்.